பொறியியல் கலந்தாய்வு: யார் பேச்சைக் கேட்டு விருப்பப் பட்டியல் எழுதுகிறீர்கள்?

சென்ற வாரம் ஒரு மாணவி தந்தையுடன் வந்திருந்தாள். கட்ஆஃப் மதிப்பெண் 200க்கு 182.5. முதல் விருப்பமே ஒதுக்கீடாகியிருந்தது. ஆனாலும் அழுதுகொண்டிருந்தாள். அவள் ஆசைப்பட்ட கல்லூரி பட்டியலில் நான்காவதாக இருந்தது. அதே சமூகப் பிரிவில், தரவரிசையில் அவளுக்குப் பின்னால் இருந்த வகுப்புத் தோழிக்கு அந்த இடம் கிடைத்துவிட்டது. ‘கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்க வேண்டியதும் போய்விடும்’ என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னாராம். அதை நம்பி, கட்டாயம் கிடைக்கக்கூடியதை முதலில் போட்டுவிட்டார்கள். கிடைத்ததை விட்டுப் பட்டியலில் அதற்கு மேலே இருக்கும் விருப்பத்துக்குத்தான் நகர முடியும்; முதல் விருப்பமே கிடைத்த பிறகு அதற்கு ஏது வழி?

இந்த ஆண்டு நான் பார்க்கும் நான்காவது பிள்ளை இவள். கல்லூரியில் பாடம் நடத்துவதோடு கோடைதோறும் கலந்தாய்வுக்கும் வழிகாட்டி வருகிறேன். இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் பெற்றோர் மனதிலிருந்து பிடுங்க முடியவில்லை.

மறுபடியும் சொல்கிறேன். கணினி முதலில் பார்ப்பது தரவரிசையை. உங்கள் முறை வந்ததும் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். அங்கே இடம் இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. முதல் 20 வரிகளும் கைகூடாமல் போனாலும் 21ஆவது வரியில் உங்கள் உரிமை இம்மியும் குறையாது. உங்களுக்குப் பின்னால் நிற்பவர் அதே கல்லூரியை முதலாவதாகப் போட்டிருந்தாலும், உங்கள் முறை முடிந்த பிறகுதான் அவர் முறை. விருப்பங்களுக்கு எண்ணிக்கை வரம்பும் கிடையாது. பிறகு ஏன் ஐந்தே ஐந்து எழுதிவிட்டு வருகிறீர்கள்?

நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் எதை நீக்குவது என்றால், கிடைத்தாலும் போக மாட்டோம் என்று தெரிந்தவற்றை நீக்குங்கள். தினமும் பஸ்ஸில் மூன்று மணி நேரம் போய்வர முடியாது, விடுதிக்கும் வசதியில்லை என்றால் அந்தக் கல்லூரியை அடித்துவிடுங்கள். எட்டாது என்று தோன்றுவதை அடிக்காதீர்கள்.

சென்ற ஆண்டின் கட்ஆஃப் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வினாத்தாள் எளிதான ஆண்டில் எல்லோருக்கும்தான் மதிப்பெண் ஏறும். உங்கள் சமூகப் பிரிவில், அந்தப் பாடப்பிரிவில், எந்தத் தரவரிசை வரை இடம் போனது என்று பாருங்கள்.

தேர்ச்சி விகிதத்தை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாளைத் தாங்களே தயாரிப்பவை. அங்கே கிடைக்கும் 90 சதவீதமும் பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரியின் 70 சதவீதமும் ஒரே தராசில் நிற்காது. தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரமும் பாடப்பிரிவு வாரியாகத் தரப்படுவது. ‘எங்கள் கல்லூரிக்கு இருக்கிறது’ என்பார்கள். நீங்கள் சேரும் பிரிவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். 2024இல் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) மாணவர் எண்ணிக்கைக்கான உச்சவரம்பை நீக்கிய பிறகு கணினிப் பிரிவில் இடங்கள் பெருகியிருக்கின்றன. ஆசிரியர்களும் ஆய்வகங்களும் அதற்கேற்பக் கூடியிருக்கின்றனவா என்பதைப் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். சேர்க்கைக்காகப் பந்தல் போட்டிருக்கும் நாளில் போகாதீர்கள். வகுப்பு நடக்கும் நாளில் போய், வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் மூன்றாமாண்டு மாணவர்களிடம் பேசுங்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை.

வேலைவாய்ப்பு விளம்பரப் பலகையில் இருக்கும் மிகப்பெரிய சம்பளம் யாரோ ஒருவருடையது. உங்கள் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருப்பவருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

முன்பணமும் அசல் சான்றிதழும் கேட்கும் தரகரிடம் நிற்கவே நிற்காதீர்கள். முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் அவசரப்பட்டுச் சேர்ந்தால் அது போய்விடும்.

கல்லூரி எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள், தயவுசெய்து. நோட்டுத்தாளில் சிவப்பு மையால் எழுதிக்கொண்டு வந்த ஒரு தந்தை, ஒரே ஓர் இலக்கம் மாறியதால், தான் நினைத்த கல்லூரியின் பெயரையே கொண்ட வேறு மாவட்டக் கல்லூரியைப் பட்டியலில் சேர்த்திருந்தார். கடைசி நாளுக்கு முதல் நாள் கண்ணில் பட்டதால் திருத்த முடிந்தது. பட்டியலை அச்செடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒவ்வொரு வரியையும் அவர்களே உரக்கப் படிக்கட்டும்.