கிறெப் என்றா, ஜி ஆர் ஈ பி என்றா?

"மச்சான், அந்த லொக்கை ஒருக்காக் கிறெப் பண்ணிப் பாரன்." திருகோணமலையில் மென்பொருள் வேலை செய்யும் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இந்த வசனம் காதில் விழாமல் போகாது. லொக் என்பது நிரல் தன் நடப்புகளைப் பதிந்துவைக்கும் கோப்பு; கிறெப் என்பது கோப்புக்குள் தேடித்தரும் யூனிக்ஸ் கட்டளை. ஜி, ஆர், ஈ, பி என்று எழுத்துக் கூட்டி வாசிப்பவர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்குப் புதியவர் என்று அடுத்த கதிரையில் இருப்பவருக்கு உடனே விளங்கிவிடும். 'ஸ்டெப்' என்பதோடு ஓசை ஒத்துப்போகும் ஒற்றைச் சொல்லாகத்தான் இதை எல்லாரும் ஒலிக்கிறார்கள்.

கோப்பு ஒன்றை வரி வரியாக வாசித்து, நாம் கேட்ட எழுத்துக்கோலம் உள்ள வரிகளை மட்டும் தருவது இந்தக் கட்டளையின் வேலை. நம் ஊர்ப் பெயரையே எடுங்கள். சிலர் 'திருகோணமலை' என்பார்கள், சிலர் 'திருக்கோணமலை' என்பார்கள். இரண்டையும் ஒரே தேடலில் பிடிக்க, 'திருக்?கோணமலை' என்று கொடுத்தால் ஏமாந்துபோவீர்கள். கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் 'க்' என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். கேள்விக்குறி தனக்கு முன்னுள்ள ஒரு குறியை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று விடும்; இங்கே அது புள்ளி மட்டும்தான். 'திரு(க்)?கோணமலை' என்று அடைப்புக்குள் வைத்து, கட்டளையோடு ஆங்கிலப் பெரிய 'ஈ' என்ற தெரிவையும் சேர்த்து ஓட்டினால் இரண்டும் அகப்படும்.

இனிப் பிறப்பு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன் எழுதிய பழைய உரைத்தொகுப்பி ஒன்றுக்கு 'ஈ டி' என்று பெயர். அதை மட்டும் இன்றும் எழுத்தெழுத்தாகவே வாசிப்பார்கள். அதற்குள் ஒரு கோலத்தைத் தேடி வரிகளைக் காட்டச் சொல்ல 'ஜி', சாய்கோடு, தேடும் கோலம், சாய்கோடு, 'பி' என்று அடிக்க வேண்டும். 'ஜி' என்றால் குளோபல், கோப்பு முழுவதும். 'பி' என்றால் பிறின்ற், அச்சிடு. நடுவில் வரும் கோலத்துக்கு றெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். அதன் முதலெழுத்துகள் 'ஆர்', 'ஈ'. சாய்கோடுகளைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவதுதான் கிறெப். பெரிய கோப்புகள் அன்றைய கணினியின் நினைவகத்தில் 'ஈ டி'க்குள் அடங்கவில்லை. அதனால் தேடும் பகுதியைத் தொம்சன் தனி நிரலாகப் பிரித்தெடுத்தார். 1973இல் வந்த நான்காம் பதிப்பு யூனிக்ஸில் அது சேர்ந்தது. இன்று ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியிலும் அதற்கு இடமுண்டு.

பெயரை இவ்வளவு குறுக்கியதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. கணினியோடு பேச அக்காலத்தில் பயன்பட்ட டெலிடைப் 33 என்ற தட்டச்சுப் பொறி செக்கனுக்குப் பத்து எழுத்துத்தான் அடிக்கும். ஒவ்வோர் எழுத்தும் நேரம் தின்றது. இந்தக் குறுக்கல், கோப்பு உருவாக்கும் 'கிரியேட்' அழைப்பின் கடைசி 'ஈ'யைக்கூட விட்டுவைக்கவில்லை. யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்றாராம் தொம்சன்.

நம் வாய்க்கு வரும்போது சொல் கொஞ்சம் நீள்கிறது. தனி மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது, ஆகவே முதலில் ஓர் இகரம். வல்லின மெய்யில் முடியவும் முடியாது. நன்னூல் சொல்லும் ஈற்றெழுத்துகளில் பகரமெய் இல்லை. ஆகவே கடைசியில் ஓர் உகரம். 'கிறெப்பு' என்று சொல்பவரைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை, அவர் இலக்கணப்படிதான் பேசுகிறார். ஆங்கிலேயன் நம் திருகோணமலையை 'ட்ரிங்கோ' என்று நறுக்கினானே, அது இதற்கு நேரெதிர்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'தேடு' மிகப் பொது. கோப்பின் பெயரைத் தேடும் 'ஃபைண்ட்' கட்டளைக்கும் அதுவே வேண்டியிருக்கும். 'வடிகட்டு' பரவாயில்லை, ஆனால் எதற்கும் பொருந்திவிடும். 'சலி' என்றால் 'எனக்குச் சலிச்சுப்போச்சு' என்ற பொருளும் கூடவே வந்து நிற்கும். என் தெரிவு 'அரி', இன்னும் தெளிவாக 'அரித்தெடு'. அரிதட்டில் மா அரிப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கோலத்துக்குப் பொருந்தாத வரிகளை மட்டும் தரும் சின்ன 'வி' தெரிவையும் அவர்களே புரிந்துகொள்வார்கள்: அது தட்டில் தங்கும் கப்பி. அரிக்கும்போது கை அரிக்கிறதா என்று யாராவது பகிடி விடுவார்கள், விடட்டும்.

ஆனால் இது வினைக்கு மட்டும். "லொக்கை அரித்துப் பார்" என்று பேசலாம், பாடக்குறிப்பில் எழுதலாம். கட்டளையின் பெயர் கிறெப்பாகவே இருக்கட்டும். விசைப்பலகையில் வேறெதை அடித்தாலும் கணினி 'கட்டளை இல்லை' என்றுதான் சொல்லும்.

'சூடோ' என்ற இன்னொரு யூனிக்ஸ் கட்டளையின் விவகாரம் இதைவிடச் சிக்கல். அதன் கடைசித் துண்டு 'செய்' என்னும் பொருளுள்ள 'டூ' என்பதால் 'சூ டூ' என்பதே முறை. பலர் போலி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போல 'சூடோ' என்கிறார்கள். நம்மவர் வாயில் அது 'சூடு' ஆகிறது. நிருவாகியின் அதிகாரத்தோடு ஓடும் கட்டளைக்கு அந்தப் பெயர் ஒன்றும் மோசமில்லை.