அடியோடு முறியும் கிளிப்

வியாசர்பாடியிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவி கேட்டிருக்கிறார்: "மொட்டை மாடித் தோட்டத்துக்கு வெப்பநிலை அளக்கும் சிறு கருவி செய்கிறேன். ராஸ்பெரி பை பிக்கோ என்ற குட்டி மின்னணுப் பலகைக்கு நானே ஒரு குட்டிப் பெட்டி வரைந்து த்ரீடி பிரிண்டரில் அச்சிட்டேன். மூடியைப் பிடிக்கும் கிளிப் ஒவ்வொரு முறையும் அடியோடு முறிந்துவிடுகிறது. ரிச்சி தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் பெட்டியின் கிளிப் இதைவிட மெல்லியது. அது மட்டும் ஏன் முறிவதில்லை?"

முறிந்த துண்டின் படத்தையும் அனுப்பியிருந்தார். முறிந்த முகம் தட்டையாக, பெட்டியின் தரைக்கு இணையாக இருக்கிறது. குற்றவாளி யார் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கிறது.

பெட்டி வரைவதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. பிக்கோவின் நீளம் 51 மில்லிமீட்டர், அகலம் 21, தடிமன் 1. சுற்றிலும் கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் பலகை சிக்காமல் உட்காரும். உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் அச்சுமுனையின் துளை பொதுவாக 0.4 மில்லிமீட்டர் என்பதால், சுவருக்கு 1.2 என்று வைத்தால் மூன்று கோடுகள் கச்சிதமாக அமையும். யூஎஸ்பி வாய்க்கு ஒரு திறப்பு, நிரல் ஏற்றும்போது அழுத்தும் பூட்செல் பொத்தானுக்கு ஒரு துளை. வரைந்ததை மென்பொருள் அடுக்கடுக்காக வெட்டித் தரும். பிரிண்டர் 1.75 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இழையைச் சுமார் 200 டிகிரி செல்சியஸில் உருக்கி, 0.2 மில்லிமீட்டர் உயரத்தில் அடுக்கின் மேல் அடுக்காகப் போட்டுக்கொண்டே போகும். இவ்வளவும் அவருக்குத் தெரிந்ததுதான்.

எனக்குப் பிடித்த இடம், ஓர் அடுக்கு இன்னொன்றைத் தொடும் அந்தக் கணம்.

அவர் பயன்படுத்திய பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக், தயிருக்குப் புளிப்பைத் தரும் அதே லாக்டிக் அமிலத்தின் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி. பிளாஸ்டிக்கில் சங்கிலிகளை ஒன்றோடொன்று ஒட்டுவதற்குத் தனிப் பசை கிடையாது. அவை ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. வலிமையின் பெரும்பங்கு அந்தப் பின்னலிலிருந்தே வருகிறது. ஏற்கெனவே இறுகிய அடுக்கின் மேல் புதிதாக உருகிய கோடு விழும்போது, முதலில் இரண்டு பரப்புகளும் வெறுமனே தொட்டுக்கொள்கின்றன. அவை ஒன்றாக வேண்டுமென்றால் இந்தப் பக்கச் சங்கிலிகள் எல்லையைத் தாண்டிப்போய் அந்தப் பக்கத்தவற்றோடு பின்னிக்கொள்ள வேண்டும்.

அத்தனை நெரிசலில் ஒரு சங்கிலி எப்படி நகரும்? பக்கவாட்டில் முடியாது, அண்டைச் சங்கிலிகள் மறிக்கும். புற்றுக்குள் போகும் பாம்பைப் போலத் தன் நீளவாக்கில் மட்டுமே நெளிந்து நகர முடியும் என்று 1971இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜீல் த ஜென் கணக்கிட்டுக் காட்டினார். (1991இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்.) அந்த நெளிவுக்கும் ஒரு திசை கிடையாது. வெப்பத்தின் உந்துதலில் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. எந்த முனை வெளியே நீள்கிறதோ அது புதிய பாதையைத் தேர்கிறது, உடல் பின்னால் வருகிறது. குருட்டாம்போக்கான இந்த ஊர்தலிலிருந்து ஓர் அழகான விதி பிறக்கிறது: ஒட்டின் வலிமை நேரத்தின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. வலிமை இரட்டிப்பாக வேண்டுமானால் பதினாறு மடங்கு நேரம் தர வேண்டும்!

நாம் தருவதோ ஓரிரு நொடிகள். சுமார் 60 டிகிரிக்குக் கீழே பிஎல்ஏ சங்கிலிகள் உறைந்துபோகின்றன. மெல்லிய கோடு அதற்குள் ஆறிவிடுகிறது. பாம்பு பாதி தாண்டிய நிலையில் கதவு சாத்தப்படுகிறது. ஆகவே அச்சிட்ட பொருள் கோட்டின் நீளவாக்கில் உறுதியாகவும் அடுக்குகளுக்கு இடையே பலவீனமாகவும் இருக்கும். கடைப் பெட்டி, உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் ஒரே மூச்சில் அழுத்திச் செலுத்தி வார்க்கப்படுவது. அதில் அடுக்கே இல்லை.

இப்போது கிளிப்புக்கு வருவோம். அது செங்குத்தாக நிற்கும் சிறு கை. மூடியைப் பொருத்தும்போது வளைகிறது. வளையும் கையின் ஒரு முகம் நீள்கிறது, அதுவும் அடுக்குகளைப் பிரிக்கும் திசையிலேயே. எவ்வளவு நீள்கிறது என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: ஒன்றரை × தடிமன் × வளைவு (நுனி விலகும் தூரம்) ÷ நீளத்தின் வர்க்கம். கை 1.2 மில்லிமீட்டர் தடிமன், 5 மில்லிமீட்டர் நீளம், 0.6 மில்லிமீட்டர் வளைவு என்றால் நீட்சி 4.3 சதவீதம். பிஎல்ஏ நல்ல திசையிலேயே சில சதவீதம்தான் தாங்கும். நீளத்தை 10 ஆக்கினால் நீட்சி 1.1 சதவீதமாகச் சரிந்துவிடும். ஆனால் இத்தனை குட்டிப் பெட்டியில் அந்த உயரத்துக்கு எங்கே போவது?

கையைப் படுக்க வையுங்கள். 51 மில்லிமீட்டர் நீளமுள்ள பக்கச் சுவரில் மேலும் கீழும் இரண்டு பிளவுகள், ஒரு முனையில் அவற்றை இணைக்கும் குறுக்குப் பிளவு. நடுவே எஞ்சும் பட்டைதான் கிளிப். நீளம் வேண்டிய மட்டும் கிடைக்கும். இழுவிசை கோடுகளின் நீளவாக்கில் போகும், அடுக்குகளைப் பிரிக்காது. ஒரே திருப்பத்தில் இரண்டு நோய்க்கும் மருந்து கிடைப்பது பொறியியலில் அபூர்வம். கை சுவரோடு சேரும் மூலையைக் கூராக விடாமல் சற்று வளைத்துவிடுங்கள். அழுத்தம் அங்கே குவியாது.

சென்னைக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. நம் கடற்காற்றின் ஈரத்தை இழை உறிஞ்சிக்கொள்ளும். ஈரமான பிஎல்ஏ முனையில் சூடாகும்போது நீராவி குமிழிடுவது மட்டுமல்ல, நீர் அந்தச் சங்கிலிகளையே வெட்டிக் குட்டையாக்குகிறது. குட்டைச் சங்கிலி சரியாகப் பின்னாது. வடகிழக்குப் பருவமழை முழுவதும் திறந்து கிடந்த சுருளை உலர்த்தாமல் பயன்படுத்தாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசிக்குள் புதைப்பது வீண்வேலை. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியும் அடுக்கை அவசரமாக ஆற்றிவிடும். ராகு காலம் பார்த்து அச்சைத் தொடங்குகிறவர்களை எனக்குத் தெரியும். பார்க்கட்டும், ஆனால் விசிறியை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும்.

ஒரு பள்ளியில் துணி போர்த்திய பிரிண்டர் ஒன்றைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன, இழைச் சுருள்தான் இல்லை. 1968 முதல் கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் இயங்கும் நகரம் இது; பிளாஸ்டிக் அறிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. கருவி வாங்க நிதி ஒதுக்குகிறவர்கள், அடுத்தடுத்த ஆண்டுகளின் இழைக்கும் கருவியைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஓர் ஆளின் சம்பளத்துக்கும் சேர்த்து ஒதுக்கினால் என்ன?

மாணவிக்குக் கடைசியாக: மொட்டை மாடி வெயிலுக்குப் பிஎல்ஏ வேண்டாம். மே மாத வெயில் நேரடியாகப் படும் கறுப்புப் பெட்டி, அது இளகும் வெப்பத்தை நெருங்கிவிடும். பிஇடிஜி என்ற இன்னொரு வகை இழை சுமார் 80 டிகிரி வரை தாங்கும், அடுக்குகளும் நன்றாகவே ஒட்டும். வெள்ளை நிறத்தில் அச்சிட்டு நிழலில் வையுங்கள். வெப்ப உணரியைப் பெட்டிக்கு வெளியே, ஒரு சிறு கம்பியின் நுனியில் தொங்கவிடுங்கள். உள்ளே வைத்தால் தோட்டத்தின் சூட்டோடு பலகையின் சூட்டையும் சேர்த்தே அளக்கும்.