நாற்றம் நின்றுவிட்டதா? உடனே விலகி வாருங்கள்

கல்யாண மாதம் வந்தாலே எனக்குத் திக்கென்று இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளை விசேஷத்துக்காகத் திறக்கிறார்கள். வெள்ளையடிப்பு, பந்தல் எல்லாம் முடிந்த பிறகுதான் செப்டிக் டேங்க் ஞாபகம் வரும். அவசரத்துக்கு யாரையாவது கூப்பிட்டு உள்ளே இறக்கிவிடுகிறார்கள். போன வாரமும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருவரைத் தூக்கிவந்தார்கள். இடுப்பில் வெள்ளி அரைஞாண் கன்னங்கரேலென்று கருத்திருந்தது. (இதைப் பார்த்தாலே எங்களுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது வெள்ளியைக் கருக்கும் சாக்கடை விஷவாயு, சந்தேகம் வந்துவிடும்.)

“மொதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிச்சுச்சு டாக்டர், அப்புறம் ஒண்ணுமே இல்ல. வாயு போயிருச்சுன்னுதான் எறங்குனாரு” என்றார் கூட வந்தவர்.

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போனது வாயு இல்லை ஐயா, மூக்கு! கொஞ்சமாக இருக்கும்போதுதான் இந்த வாயு நாறும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கைத் தாண்டினால் மோப்பமே மரத்துப்போகும். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சுருண்டு விழுவார். 1000 என்றால் ஓரிரு மூச்சுதான்.

“ராத்திரி முழுக்க மூடியைத் திறந்துதானே வைத்தோம்?” சரி, மேலே இருந்தது போயிருக்கும். அடியில் சகதியைக் கிளறியதும் அதற்குள் அடைந்திருப்பது குபீரென்று கிளம்புமே! விளக்கை இறக்கிப் பார்ப்பது இன்னும் மோசம். விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். தீப்பற்றும் மீத்தேன் வாயு இருந்தால் வெடித்தும் தொலைக்கும். ஈரத்துண்டு, மாஸ்க், உள்ளே போகும் முன் ஒரு குவார்ட்டர், எதுவும் காப்பாற்றாது.

ஒருவர் விழுந்துவிட்டால் தம்பியோ மச்சானோ பின்னாலேயே இறங்காதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். 101-க்கும் 108-க்கும் போன் போடுங்கள். தீயணைப்பு வீரர்கள் மூச்சுக் கருவியோடு வருவார்கள்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை. 14420 என்ற உதவி எண்ணைக் கூப்பிட்டு, கழிவை உறிஞ்சும் லாரிக்குச் சொல்லுங்கள். சந்துக்குள் லாரி வராது என்று சாக்கு வேண்டாம். நம் வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. பின்தெருவில் நிறுத்திக் குழாயை நீட்டலாம்.

சாக்கடை அடைப்பு எடுக்கிற அண்ணன்களுக்கு ஒன்று. வேலை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சாக்கடையில் வேலை பார்த்ததைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்கும் அது வெறும் வைரஸ் காய்ச்சலாகத்தான் தெரியும்.