பாட்டியின் கூறைப்புடவை ஏன் கறுப்பானது?

பெங்களூர் அல்சூரில் அத்தை வீட்டுக் கூடத்தில் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. 1938இல் தண்டுப் (கன்டோன்மென்ட்) பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பாட்டியின் கூறைப்புடவை அதில் கரிக்கட்டை நிறம். நெற்றியில் குங்குமத்துக்குப் பதிலாக மைப்பொட்டு வைத்த மாதிரி ஒரு வட்டம். "அது அரக்குடா" என்று அத்தை ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். கறுப்பு வெள்ளைப் படத்தில் அழுத்தமான நிறமெல்லாம் கறுப்பாகத்தான் விழும் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால், பக்கத்தில் நிற்கும் சிறுமியின் பாவாடை அடர்நீலம் என்று பாட்டி சொல்வாராம். அது மட்டும் ஏன் வெளுத்திருக்கிறது?

குற்றவாளி, வெள்ளி புரோமைடு. பழைய கண்ணாடி பிளேட்டுகளிலும் பிலிமிலும் இதன் நுண்ணிய படிகங்கள் ஜெலட்டினில் கலந்து பூசப்பட்டிருக்கும். ஒளி சிறுசிறு பொட்டலங்களாக வந்து விழுகிறது. பொட்டலம் ஒன்றுக்குப் போதுமான ஆற்றல் இருந்தால் படிகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிடும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளி அணு உருவாகும். இப்படி நாலைந்து அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் போதும், படம் கழுவும் ரசாயனமான டெவலப்பர் அந்தப் படிகம் முழுவதையும் கறுப்பு வெள்ளியாக மாற்றிவிடும்.

நீல ஒளியின் பொட்டலம் கனமானது. சிவப்பினுடையது இலேசு. பத்து ரூபாய் நாணயத்தை மட்டுமே வாங்கும் மெஷினில் ஒரு ரூபாய் நாணயங்களைக் கூடை கூடையாகக் கொட்டினாலும் டிக்கெட் வராது, இல்லையா? அதே கதைதான். புடவையிலிருந்து எவ்வளவு சிவப்பு ஒளி வந்தாலும் பிளேட் அசையாது. நெகட்டிவில் அந்த இடம் வெறுமையாக நிற்கும், பிரிண்டில் கறுப்பாகும். நீலப் பாவாடை இருக்கும் இடமோ நெகட்டிவில் கறுத்து, பிரிண்டில் வெளுத்துவிடும். இருட்டறையில் சிவப்பு பல்பு எரியவிட்டுப் படம் கழுவ முடிந்ததும் இதனால்தான்.

வானமும் தப்பவில்லை. பழைய படங்களில் மேகமே இல்லாத வெள்ளை வானத்தைப் பார்த்திருப்பீர்கள். நீலத்தை அளவுக்கு மீறிப் பிடித்த பிளேட்டில் மேகமும் வானமும் ஒன்றாகிவிடும். 1850களில் பிரான்ஸின் குஸ்தாவ் லு கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொன்று என எடுத்துச் சில படங்களை ஒட்டவைத்தார். போட்டோஷாப் புதிதல்ல!

1873இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல், சாயம் கலந்த சில பிளேட்டுகள் பச்சை ஒளியையும் பிடிப்பதைக் கவனித்தார். சாயம் பச்சையை உறிஞ்சி, அந்த ஆற்றலை வெள்ளி புரோமைடுக்குக் கடத்திவிடுகிறது. இப்படி வந்தவைதான் ஆர்த்தோகுரோமாடிக் பிளேட்டுகள். அவற்றுக்கும் சிவப்பு மட்டும் எட்டவில்லை. முதல் உலகப் போர்ப் படங்களில் பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தைப் பாருங்கள்: நடுவிலுள்ள சிவப்பு கறுப்பாகவும் வெளிவளையத்து நீலம் வெளிறியும் இருக்கும். சிவப்பையும் பிடிக்கும் பான்குரோமாடிக் பிளேட்டுகள் 1906இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றைக் கும்மிருட்டில்தான் கழுவ வேண்டும். சிவப்பு பல்பின் சௌகரியத்தை எந்த ஸ்டுடியோக்காரர் சட்டென்று விடுவார்?

நம் தோலும் சிவப்பை நிறையவே திருப்பி அனுப்புவது. அது பதியாததால் முகம் இருக்கிறதைவிடக் கறுத்துவிடும். நெகட்டிவில் பென்சிலால் இழைத்து முகத்தை வெளுப்பாக்கும் டச்சப் வேலை அப்போது ஒரு தனித் தொழில். தாத்தாவின் கன்னத்தில் அந்தக் கோடுகள் இன்னும் தெரிகின்றன. பாட்டிக்கு ஏனோ செய்யவில்லை.

போன வாரம் அத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தக் கூறையின் கிழிசல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். செல்போனில் படம் பிடித்து, கறுப்பு வெள்ளையாக்கி, சிவப்பை அடியோடு குறைத்து நீலத்தை ஏற்றினேன். சுவரில் இருந்த அதே கரிக்கட்டை நிறம் வந்தது.

அத்தை படத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு இத்தனை வருஷமா?" என்றார்.