ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள்

"டிவியெல்லாம் நல்லாத்தான் பாக்கா மேடம். பள்ளிக்கூடத்துக்கு டெஸ்ட் பண்ண வந்தவங்க ஏதோ எழுதிக் குடுத்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் அந்த அம்மா உள்ளே வந்தார். ஐந்து வயதுப் பெண் குழந்தை. கூடவே அப்பா, ஆச்சி.

குழந்தையின் இடது கண்ணைப் பொத்தினேன். ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் என்று எதிரே இருந்த படங்களைக் கடகடவெனச் சொன்னாள். வலது கண்ணைப் பொத்தியதும் என் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி பொத்தினால் தலையைச் சாய்த்து விரலிடுக்கில் எட்டிப் பார்க்கிறாள். மூன்றாவது முறை அழுகை. "ரொம்ப அடம் மேடம்" என்றார் அம்மா. எனக்கு அந்த அடத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவழியாக விளையாட்டுக் காட்டி அளந்தோம். வலது கண் 6/9, அந்த வயதுக்குச் சரி. இடது கண் 6/36, அதாவது நல்ல பார்வை உள்ளவர் 36 மீட்டர் தூரத்தில் பார்ப்பதை அந்தக் கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் பார்க்கும்.

இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். மருத்துவத்தில் ஆம்ப்ளியோபியா. நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கும். இந்தக் குழந்தையின் கண்ணை டார்ச் அடித்துப் பார்த்தாலும், உள்ளே விழித்திரையைப் பார்த்தாலும் குறை ஒன்றும் தெரியாது. மாறுகண்ணும் இல்லை. கண்ணின் ஃபோகஸைத் தளர்த்தும் அட்ரோபின் களிம்பை மூன்று நாள் போட்டு பவர் பார்த்தபோதுதான் கணக்கு வெளியே வந்தது: வலது கண்ணில் ப்ளஸ் ஒன்று, இடது கண்ணில் ப்ளஸ் ஐந்து.

நம் இரண்டு கண்களும் ஃபோகஸ் செய்யும்போது ஒரே அளவுதான் செய்யும். குறைந்த பவர் உள்ள கண்ணுக்குத் தெளிவு கிடைத்ததும் மூளை அதோடு நிறுத்திக்கொள்ளும். மற்ற கண்ணிலிருந்து நாள் முழுக்க மங்கலான படம்தான் போகும். மங்கலையே வாங்கி வாங்கி, மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடுகிறது. பார்வையைக் கற்றுக்கொள்ளும் வயதில் இது நடப்பதால், பிறகு எத்தனை நல்ல கண்ணாடி போட்டாலும் உடனே தெரியாது. ஹியூபெல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைத் தைத்து வைத்து, பின்னால் பிரித்துப் பார்த்தார்கள். கண் நன்றாகவே இருந்தது; மூளையில் அதற்கான இடத்தை மற்ற கண் பிடித்துக்கொண்டிருந்தது. பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

மாறுகண்ணாலும் இது வரும். "மாறுகண்ணு யோகம், அப்படியே விடுங்க" என்று சொல்லி நாலைந்து வருடம் விட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். பிறவிக் கண்புரை, கண்ணை மறைக்கும் அளவுக்குத் தொங்கும் இமை ஆகியவை இன்னும் மோசம். அவற்றில் வாரக்கணக்கில் தள்ளிப்போடுவதுகூடத் தப்பு. ஃபோனில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் காத்திருக்காதீர்கள், உடனே கண் மருத்துவரிடம் போங்கள். அது கண்புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

அந்த அப்பாவையும் நாற்காலியில் உட்காரவைத்தேன். பரம்பரையில் இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு கூடுதல். அவருடைய இடது கண் 6/24. முப்பத்து நான்கு வயது வரை அவருக்கே தெரியாது. "பைக் ஓட்டுறேனே மேடம், லைசென்ஸ்கூட இருக்கே" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். ஒரு கண் நன்றாக இருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது, நமக்கே வராது.

குழந்தைக்கு முதல் சிகிச்சை கண்ணாடி. "கண்ணாடி போட்டும் அந்தக் கண்ணு தெரியலங்கா" என்று ஒரே வாரத்தில் ஃபோன் வந்தது. வரத்தான் செய்யும். நாலு மாதம் வரைகூட பார்வை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்; கால்வாசிக் குழந்தைகளுக்குக் கண்ணாடியே போதுமானதாகிவிடுகிறது. இவளுக்கு 6/18 வரை வந்து நின்றுவிட்டது. அதன் பிறகு பேட்ச்: நல்ல கண்ணை ஒட்டி மூடி, தினமும் இரண்டு மணி நேரம். முன்பெல்லாம் நாள் முழுக்க மூடச் சொல்வோம். நடுத்தர அளவுப் பாதிப்புக்கு ஆறு மணி நேரம் தரும் பலனை இரண்டு மணி நேரமே தருகிறது என்று 2003இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. பெற்றோருக்கு அது பெரிய நிம்மதி. பேட்சைத் தோலில் ஒட்டி, அதன்மேல் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடியில் துணி கட்டிவிட்டால் குழந்தை ஓரமாக எட்டிப் பார்த்துவிடும். அந்த விஷயத்தில் எல்லாக் குழந்தைகளும் கெட்டிக்காரர்கள்.

ஆறு வாரம் கழித்து வந்தார்கள். 6/18 அப்படியே இருந்தது. "தினமும் போடுதோம் மேடம்." மீதி இருக்கும் பேட்சைக் காட்டச் சொன்னேன். கொடுத்த பெட்டியில் பாதிக்கு மேல் தொடவே இல்லை. பாதி நாள் ஒட்டுவதே இல்லை; ஒட்டினாலும் அம்மா வேலைக்குப் போனதும் ஆச்சி பிரித்துவிடுகிறார். "நல்லாத் தெரியுற கண்ணை மூடிட்டு, தெரியாத கண்ணால தட்டுத் தடுமாறிப் போகுது பிள்ள. பாக்கச் சகிக்கல."

ஆச்சிக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்தக் கண்ணைப் பொத்தினேன்.

"கலங்கலாத் தெரியுதும்மா."

"பாப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சி. உங்களுக்கு இன்னொரு ஆபரேஷனை இந்த வருஷமும் பண்ணலாம், அடுத்த வருஷமும் பண்ணலாம். அவளுக்கு அப்படி ஆற அமர நேரம் கிடையாது."

ஏழு வயதுக்குள் நன்றாகப் பலன் கிடைக்கும். எட்டு வயதானால் கதவு மூடிவிட்டது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள், அதுவும் சரியில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிலும் கணிசமானோருக்கு முன்னேற்றம் வருகிறது, மெதுவாக வரும், அவ்வளவுதான். பேட்சுக்கு ஒத்துவராத குழந்தைக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதை மங்கலாக்கும் வழியும் இருக்கிறது. அந்தச் சொட்டு வாயில் போனால் விஷம். பாட்டிலை எட்டாத இடத்தில் வையுங்கள். பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் இதற்கு மருந்து அவை இல்லை. மாறுகண் ஆபரேஷன் கண்ணை நேராக்கும், இந்தப் பார்வையைக் கொடுக்காது.

அடுத்த தடவை ஆச்சிதான் குழந்தையைக் கூட்டிவந்தார். சாயங்காலம் நாலு மணிக்குப் பேட்ச் ஒட்டிவிட்டுப் பல்லாங்குழி ஆடுகிறார்களாம். புளியங்கொட்டையைப் பக்கத்தில் வைத்து எண்ணினால்தான் சரியாகும் என்று கட்டாயமில்லை. ஆனால் ஆட்ட மும்முரத்தில் பேட்சைப் பிய்க்க மறந்துவிடுவாள் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. 6/12 வந்திருந்தது. ஒற்றைப் படமாகக் காட்டினால் அதைவிடச் சின்னதையும் சொன்னாள், வரிசையாக வைத்தால்தான் தடுமாறினாள். இந்தக் கண்களின் குணம் அது. ஏழு மாதத்தில் வரிசையிலேயே 6/9 தொட்டாள். பேட்சை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தோம். நிறுத்திய பிறகு நாலில் ஒரு குழந்தைக்குப் பார்வை திரும்ப இறங்குகிறது, அதனால் வரச்சொல்லும் நாளில் வந்தே ஆக வேண்டும்.

வீட்டில் நீங்களே பார்க்கலாம். குழந்தை கார்ட்டூனில் மூழ்கியிருக்கும்போது ஒரு கண்ணை மெல்லப் பொத்துங்கள், பிறகு மற்றதை. ஒன்றுக்குப் பேசாமல் இருந்து இன்னொன்றுக்கு எரிச்சல்பட்டால் அழைத்துவாருங்கள். இரண்டுக்கும் பேசாமல் இருந்தாலும், எல்கேஜி சேர்க்கும் முன் ஒரு தடவை முறையாகச் சோதித்துவிடுங்கள். அங்கன்வாடிக்கு அரசு மருத்துவக் குழு வரும் நாளில் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள்.

கிளம்பும்போது ஆச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நின்றிருந்தான். தம்பியாம், மூன்று வயது. "இவனுக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் பாக்கான்" என்றார் ஆச்சி. சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டு, அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்.