பாரிஸுக்கு மார்ச்சில் போகிறீர்களா? முதலில் கிழமையைப் பாருங்கள்

மார்ச் முதல் ஏப்ரல் நடுவரை பாரிஸ் போக நல்ல காலம். கோடைக் கூட்டம் வந்திருக்காது, ஓட்டல் வாடகையும் உச்சத்தைத் தொட்டிருக்காது. ஆனால் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கும் எங்களிடம் திரும்பி வந்து வருத்தப்படுகிறவர்கள் குளிரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நாங்கள் போன அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, வாராந்திரப் பயண அட்டை மூன்றே நாளில் காலாவதியாகிவிட்டது, கடிகாரம் மாறியது தெரியாமல் ரயிலை விட்டுவிட்டோம் என்பதுதான் பேச்சாக இருக்கிறது. எல்லாமே தேதிக் கோளாறு. விமான டிக்கெட் வாங்கும் முன் காலண்டரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் இதில் பாதிக்கு மேல் தவிர்த்துவிடலாம்.

விசாவிலிருந்தே தேதிக் கணக்கு தொடங்குகிறது. பிரான்ஸுக்கு வேண்டியது, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி, ஆனால் கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை இழுக்கலாம். மார்ச் பயணத்துக்கு டிசம்பரிலேயே காகிதங்களைக் கொடுத்துவிடுவது நல்லது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஷெங்கன் எல்லையை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பல நாடுகள் சுற்றுவதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

விசா கைக்கு வந்ததும் ஒட்டப்பட்ட தாளை நிதானமாகப் படியுங்கள். அதில் இரண்டு வேறு கணக்குகள் இருக்கும். ஒன்று, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை விசா செல்லும் என்பது. இன்னொன்று, அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது. முதலாவது 27 நாளாக இருந்து, இரண்டாவது 12 நாளாக இருக்கலாம். அப்படியானால் 12 நாள்தான். இறங்கும் நாளும் ஏறும் நாளும் தனித்தனி நாளாகவே கணக்காகும். திரும்பும் விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் ஒரு நாள் கூடிவிடும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. காப்பீட்டுத் தேதியிலும் இதே பிழை நடக்கிறது.

இனி கிழமை. முடிந்தால் திங்களன்று இறங்குங்கள், செவ்வாயும் பரவாயில்லை. காரணம் நவிகோ என்ற பயண அட்டை. வாராந்திர நவிகோ திங்கள் காலையில் தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடியும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று கணக்கிடாது. வியாழன்வரை அந்த வாரத்துக்கான அட்டை கிடைக்கும், வெள்ளியிலிருந்து அடுத்த வாரத்துக்குத்தான் இயந்திரம் கொடுக்கும். வெள்ளியன்று வாங்கிவிட்டு வாயிலில் அட்டையை வைத்தும் கதவு திறக்காமல் திகைத்து நிற்கிறவர்களை கார் து நோர் ரயில் நிலையத்தில் பார்க்கலாம்.

2026-இல் வாரக் கட்டணம் 32.40 யூரோ, அட்டைக்குத் தனியாக 5 யூரோ. விமான நிலையச் சீட்டு ஒரு வழிக்கு 14 யூரோ என்பதால், அதே வாரத்தில் இறங்கி ஏறுகிறவர்களுக்கு அந்த இரண்டு பயணத்திலேயே 28 யூரோ திரும்பிவிடும். இந்த அட்டையில் உங்கள் பெயரை எழுதி, 25க்கு 30 மில்லிமீட்டர் அளவில் ஒரு புகைப்படமும் ஒட்ட வேண்டும். படத்தை ஊரிலேயே வெட்டி எடுத்துப் போங்கள். படம் ஒட்டாத அட்டையோடு பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம்தான். அட்டை ஒருவருக்கு ஒன்று, இருவர் மாற்றி மாற்றிப் பயன்படுத்த முடியாது.

வார இறுதியில் இறங்குகிறவர்களுக்கு நவிகோ ஈஸி என்ற 2 யூரோ அட்டை போதும். மெட்ரோ ரயில் சீட்டு 2025 ஜனவரியில் 2.50 யூரோ ஆனது, 2026-இல் 5 சென்ட் கூடியது. இந்த ஒரே சீட்டில், அரண்மனை இருக்கும் வெர்சாய் வரைக்கும் போகலாம், விமான நிலையங்களுக்கு மட்டும் செல்லாது. பேருந்துச் சீட்டு வேறு. மெட்ரோவிலிருந்து இறங்கிப் பேருந்தில் ஏறினால் புதுச் சீட்டுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. விமான நிலையச் சீட்டையும் மெட்ரோ சீட்டையும் ஒரே ஈஸி அட்டையில் ஒரே சமயத்தில் ஏற்ற முடியாது. இறங்கியதும் விமான நிலையச் சீட்டை மட்டும் ஏற்றி, ஊருக்குள் வந்து சேர்ந்த பிறகு மற்றதை ஏற்றுங்கள்.

மூன்றாவது, கடிகாரம். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணி நேராக 3 மணியாகிவிடும். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், ஓட்டல் அறைச் சுவரில் இருக்கும் கடிகாரம் மாறாது. இந்தியாவுக்கும் பாரிஸுக்கும் நாலரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் அன்றிலிருந்து மூன்றரை மணி நேரம். அந்த ஞாயிறு காலையில் ரயிலோ நேரம் குறித்த நுழைவுச் சீட்டோ வைத்துக்கொள்ளாதீர்கள். 2027-இல் அந்த ஞாயிறு மார்ச் 28, அன்றுதான் ஈஸ்டரும். மறுநாள் திங்கள் அரசு விடுமுறை. ஒரு மணி நேரம் போய், மறுநாள் பல கடைகளும் மூடியிருக்கும் வாரம் அது.

கடிகார மாற்றத்தால் நன்மையும் உண்டு. மார்ச் முதல் தேதியும் சரி, மாதக் கடைசியும் சரி, பொழுது விடிவது ஏறக்குறைய காலை ஏழரைக்குத்தான். ஆனால் மாலையில் சூரியன் மறைவது ஆறரையிலிருந்து எட்டேகாலுக்குப் போய்விடும். ஊர் சுற்ற ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதனால்தான் மாத முதல் பாதியைவிட மாதக் கடைசியை நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

பூக்களைப் பார்க்கப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மார்ச் தொடக்கத்தில் பாரிஸின் சாலை மரங்கள் மொட்டையாகத்தான் நிற்கும். பலே ருவயால் தோட்டத்தில் மக்னோலியா மார்ச் நடுவில் பூக்கும். தாவரவியல் தோட்டமான ஜார்தான் தே பிளாந்த்தில் வெள்ளைச் செர்ரி மரம் மார்ச் கடைசியை ஒட்டி மலரும். படங்களில் பார்க்கும் அடர்ந்த இளஞ்சிவப்புச் செர்ரித் தோப்பு ஊருக்குத் தெற்கே சோ பூங்காவில் இருக்கிறது, அது பூப்பது பெரும்பாலும் ஏப்ரல் நடுவில். அதற்காகவே போகிறவர் மார்ச்சில் டிக்கெட் போடவே கூடாது. வெர்சாய் தோட்டத்து நீரூற்றுக் காட்சியும் ஏப்ரலை ஒட்டித்தான் தொடங்கும்.

அருங்காட்சியகங்களைப் பொறுத்தவரை இரண்டு கிழமைகளை மனப்பாடம் செய்யுங்கள். திங்களன்று ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் மூடியிருக்கும். செவ்வாயன்று லூவ்ரும் ஓரஞ்சரியும் மூடியிருக்கும். லூவ்ர் மூடியிருப்பதால் அங்கே போக முடியாத கூட்டமெல்லாம் செவ்வாயன்று வெர்சாய்க்குத் திரும்பும் என்பதால், வெர்சாயைப் புதன் அல்லது வியாழனில் வையுங்கள். லூவ்ர் புதனும் வெள்ளியும் இரவு 9 மணிவரை திறந்திருக்கும், மாலை ஐந்துக்கு மேல் நெரிசல் குறையும். ஓர்சேக்கு வியாழன் இரவு. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு லூவ்ர் கட்டணம் 22 யூரோவிலிருந்து 32 யூரோவாகிவிட்டது. பழைய கட்டுரைகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 18 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் இலவசம், பாஸ்போர்ட் காட்டினால் போதும்.

நோத்ருதாம் பேராலயம் தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. அதிகாரப்பூர்வத் தளத்தில் ஓரிரு நாள் முன்னதாக நேரம் பதிவு செய்யலாம், அதுவும் இலவசம். பேராலயத்துக்குள் போக மட்டுமே டிக்கெட் என்று யாராவது விற்றால் அது ஏமாற்று. ஈஃபில் கோபுரத்தின் லிஃப்ட் டிக்கெட் சுமார் 60 நாள் முன்பே இணையத்தில் திறக்கிறது. மார்ச்சில் பலத்த காற்று அடித்தால் உச்சித் தளத்தை மூடிவிடுவார்கள், ஆகவே கடைசி நாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

குளிருக்கு வருவோம். மார்ச்சில் பகலில் சராசரி 12 டிகிரி, இரவில் 5 டிகிரி. சென்னை வெயிலிலிருந்து போகிறவர் பயந்துபோய் வாங்குவது கனத்த ஓவர்கோட் ஒன்று. அதுதான் தவறு. கடை, மெட்ரோ, அருங்காட்சியகம் எல்லாமே உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். கனத்த கோட்டுக்குள் வியர்த்து, பருத்திப் பனியன் நனைந்து, அந்த ஈரத்தோடு சேன் நதிக்கரைக் காற்றில் நடந்தால் நடுக்கம் எடுக்கும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதே காரணம். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றும் மழையும் புகாத, தலைமூடி வைத்த மெல்லிய ஜாக்கெட் என மூன்று அடுக்கு போதும். உள்ளே போனதும் ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஸ்வெட்டர் மட்டும் போட்டால் காற்று ஊடுருவும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆலங்கட்டியோடு பத்து நிமிடம் கொட்டிவிட்டு மறுபடி வெயில் வருவது மார்ச்சின் வழக்கம். பாலங்களின் மேல் குடை நிற்காது, தலைமூடிதான் உதவும். காலணி ரப்பர் அடி வைத்ததாகவும், கம்பளிக் காலுறை போட இடமுள்ளதாகவும் இருக்கட்டும், ஊரிலேயே இரண்டு வாரம் போட்டுப் பழகுங்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்துவிடும். உதட்டுக்கும் குதிகாலுக்கும் வாசலின் கொண்டு போங்கள்.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் படிக்கட்டுகளை மறந்துவிடக் கூடாது. பாரிஸ் மெட்ரோ நூறாண்டைத் தாண்டியது, பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. முழுக்க லிஃப்ட் வசதி உள்ளது 14-ஆம் வழித்தடம் மட்டும்தான், அது ஓர்லி விமான நிலையம்வரை போகிறது. முட்டிவலிக்காரர்களுக்குப் பேருந்துதான் சரி. தாழ்தளம், சாய்தளம் இரண்டும் உண்டு, வழியெல்லாம் ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம். ஷாத்லே நிலையத்தில் ரயில் மாறும்படி திட்டம் போடாதீர்கள், உள்ளே நடக்க வேண்டிய தூரம் அதிகம். ஷார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து பெட்டிகளோடு நாலு பேர் என்றால் டாக்ஸியே மேல். நிலையான கட்டணம் உண்டு, நதியின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. வருகைக் கூடத்துக்குள் வந்து டாக்ஸி வேண்டுமா என்று கேட்கிறவர் பின்னால் போகாதீர்கள், வெளியே உள்ள வரிசையில் நில்லுங்கள்.

திருட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதி தப்பிக்கலாம். மெட்ரோவில் கதவு மூடும் ஒலி கேட்கும் நொடியில், கதவோரம் இருப்பவரின் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கதவு மூடிவிடும், நீங்கள் உள்ளே. ஆகவே கதவோரம் நின்று போன் பார்க்க வேண்டாம். கையெழுத்து கேட்டு அட்டையோடு வரும் பெண்கள் அந்த அட்டையை உங்கள் கைப்பையின் மேல் நீட்டுவார்கள், அட்டைக்கு அடியில் இன்னொரு கை வேலை செய்யும். சக்ரே கேர் தேவாலயப் படிகளில் விரலில் கயிறு கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். கையைப் பையில் போட்டுக்கொண்டு நிற்காமல் நடங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு 16-ஆவது வட்டத்தில் உள்ள இந்தியத் தூதரகம். அவசர எண் 112. பண இயந்திரமோ கடையோ ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய்க் கணக்கில் மாற்று விகிதம் மோசமாக இருக்கும்.

சாப்பாட்டுக்காகப் பெட்டியில் நெய், பன்னீர், உப்புக்கண்டம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. பொடி, புளிக்காய்ச்சல், அவல் கொண்டுபோகலாம். உணவகச் சமையலறைகள் மதியம் 12 முதல் இரண்டரைவரையும், இரவு 7 மணிக்குப் பிறகும்தான் பெரும்பாலும் ஓடும். சைவர்கள் பார்த்து வாங்க வேண்டும். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில்தான் செய்வார்கள், சாலடில் பன்றித் துண்டுகள் கிடக்கும். மரே பகுதியின் ரோசியே தெருவில் நல்ல ஃபலாஃபெல் கிடைக்கும், ஆனால் யூதர் கடைகள் என்பதால் பல கடைகள் வெள்ளி மாலையிலிருந்து சனி மாலைவரை மூடியிருக்கும். வீட்டுச் சோறு வேண்டுமென்றால் கார் து நோரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் லா ஷாப்பெல். 1980களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு அது. தோசையும் சோறும் கறியும் கொத்துரொட்டியும் கிடைக்கும். தமிழிலேயே கேட்டு வாங்கலாம், மாணிக்க விநாயகர் ஆலயமும் பக்கத்தில்தான். ஓட்டலை இந்தப் பக்கம் எடுத்தால் விமான நிலைய ரயிலும் வசதி. இரவில் கார் து நோர் வாசலில் மட்டும் நின்றுகொண்டிருக்காதீர்கள்.

திரும்பும் நாளில் மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் இருங்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுப்பதால் வரிசை மெதுவாகத்தான் நகர்கிறது. ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், கடையிலேயே பாஸ்போர்ட் காட்டி அதற்கான படிவத்தை வாங்கியிருக்க வேண்டும். அந்தப் படிவத்தை விமான நிலையத்தில் பாப்லோ என்ற இயந்திரத்தில் காட்டிப் பதிய வேண்டும். பெட்டியை ஒப்படைக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் அது கையில் இருக்க வேண்டும்.