"ரொட்டியை எடுத்துட்டுத்தான் சாப்பிட்டேன் மேடம்!"

இந்தப் பருவத்தில் என்னிடம் இப்படிச் சொல்லும் மூன்றாவது நோயாளி இவர். சீலியாக் நோய் (கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய்) உறுதியாகி ஒரு வருடம் ஆன முதலாமாண்டு மாணவி. வீட்டில் இருந்தவரை, ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் ஆன்டிபாடி அளவு அழகாக இறங்கிக்கொண்டு வந்தது. விடுதிக்குப் போன நான்கே மாதத்தில் மறுபடி ஏறிவிட்டது, இரும்புச்சத்து பாதாளத்தில். "என்னம்மா சாப்பிடுற?" என்றேன். போனில் தட்டின் படத்தைக் காட்டினார். சாலட். ஓரத்தில், பொறுக்கி ஒதுக்கிய வறுத்த ரொட்டித் துண்டுகள்.

பொறுக்கினால் போய்விட இது அரிசியில் கிடக்கும் கல் இல்லை. தூள் இலையிலேயே ஒட்டியிருக்கும். "கொஞ்சம்தானே" என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சரி, கணக்கே போடுவோம். ஒரு ஸ்லைஸ் ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன். அதை நாற்பதாகப் பிய்த்தால் ஒரு பிசிறில் 50 மில்லிகிராம். தினமும் அவ்வளவு, மூன்று மாதம் உள்ளே போனாலே சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சேதமாவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். "எனக்கு வயிறு ஒன்னும் பண்ணலையே" என்பது அடுத்த சமாதானம். வலியே இல்லாமலும் குடல் கெடும். அதனால்தான் வயிற்றை நம்பாமல் ரத்தத்தைப் பார்க்கிறோம்.

உணவுக்கூட வரிசையில் நின்றுகொண்டு பரிமாறுகிறவரிடம் விசாரித்துப் பயனில்லை. கூட்டமில்லாத நேரத்தில் சமையல் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள். "கோதுமை இருக்கா?" என்பதோடு நிறுத்தாதீர்கள், பார்லியும் ரையும் அதே கதைதான். மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். உருளைக்கிழங்கு வறுவலில் என்ன வந்தது என்பீர்கள். மாவில் தோய்த்த கோழி பொரிந்த அதே எண்ணெயில்தானே அதுவும் பொரிந்தது? சூட்டில் குளூட்டன் அழியாது.

அறையில் தனி டோஸ்டர், தனி வெண்ணெய் டப்பா. அறைத்தோழி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சானிடைசர் கிருமிக்கு, கையில் ஒட்டிய மாவு போக சோப்பும் தண்ணீரும்தான். பொட்டலத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று தேடுங்கள்; கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரப்படி அதில் குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 'கோதுமை இல்லாதது' என்பது வேறு, அதில் பார்லியோ ரையோ இருக்கலாம்.

நோய் இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்களே, கெஞ்சிக் கேட்கிறேன்: பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டு வராதீர்கள். ஆன்டிபாடி இறங்கி, நோய் இருந்தும் ரிப்போர்ட் சுத்தமாக வந்துவிடும். அப்புறம் வாரக்கணக்கில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வரச்சொல்லி நானே அனுப்ப வேண்டியிருக்கிறது. அப்போது என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே!